விடை அச்சிடப்படாத வினாக்கள்

ஆண்டுதோறும் பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்குள் அறிவியல் போட்டிகள், கண்காட்சிகள், இளம் ஆய்வாளர் மாநாடுகள் பற்றிய சுற்றறிக்கைகள் தலைமையாசிரியர்களின் மேசைக்கு வந்து சேருகின்றன. அவற்றுட் சில அறிவிப்புப் பலகை வரை செல்கின்றன. பல கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. பலகைக்குச் சென்றவற்றையும் நின்று படிக்கும் மாணவர் சிலரே. நம் பகுதிப் பள்ளிகளிலிருந்து அறிவியல், பொறியியல் போட்டிகளில் கலந்துகொள்வோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறு செல்வோர் யாவர் என்று நோக்கினால், காலாண்டுத் தேர்வில் முதலிரண்டு இடங்களைப் பெற்றவர்களாகவே இருக்கக் காண்கிறோம். மதிப்பெண் மிகுதியாகப் பெறுபவரே போட்டிக்கு உரியவர் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. இச்சட்டம் மாற வேண்டும் என்பதும், வகுப்பில் கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆசிரியரைத் திணறச் செய்யும் கடைசி வரிசைப் பிள்ளைக்கே முதல் அழைப்புச் செல்ல வேண்டும் என்பதும் என் துணிபு. தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். அவர்களுக்குப் பின்னர் விடையளிப்பேன்.

வாய்ப்புகள் இல்லை என்று கூறுதற்கில்லை. 1993ஆம் ஆண்டு முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நாடு முழுவதும் நடந்து வருகிறது. பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையுடன், தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பின்னர் தேசிய அளவிலும் எடுத்துரைக்கலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தில் இதனைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல்லாண்டுகளாகச் சிறப்புற நடத்தி வந்துள்ளனர். நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 'இன்ஸ்பயர் மானக்' என்னும் பெயரில் மற்றொரு திட்டத்தை நடத்துகிறது. ஆறாம் வகுப்பு முதலான மாணவர்களிடமிருந்து புதுமைக் கருத்துகளைப் பள்ளியின் வழியே பெற்று, தேர்ந்தெடுக்கப்படும் கருத்துக்கு மாதிரி செய்து பார்க்க 10,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே அனுப்புகிறார்கள். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவோ ஆங்கிலப் புலமையோ வேண்டியதில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் செல்வதில்லை.

ஏன் செல்வதில்லை என்று பெற்றோரைக் கேட்டால், "பாடம் கெட்டுவிடும்" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே நீட் தேர்வுக்கும் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுக்கும் பயிற்சி தொடங்கிவிடும் இக்காலத்தில் அவர்களின் அச்சத்தை நகைத்து ஒதுக்க இயலாது. தம் வருவாயில் பெரும்பகுதியைப் பயிற்சி நிலையத்திற்குச் செலுத்திவிட்டு, பிள்ளை ஒரு நாள் வகுப்புக்குச் செல்லாவிடினும் கணக்குப் பார்க்கும் நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் பிள்ளை சந்திக்கும் ஒவ்வொரு வினாவுக்கும் விடை முன்னரே அச்சாகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக் கல்வியில் ஒருமுறையேனும் விடை அச்சிடப்படாத வினா ஒன்றை எதிர்கொள்ளாத பிள்ளை, பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆன பிறகு அத்தகைய வினா எதிரே வந்து நிற்கும்போது என் செய்யும்?

அங்கேரி நாட்டின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. இயற்பியலறிஞர் ஏத்வெசு அந்நாட்டின் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்கும் வகையில், 1894இல் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கென ஒரு கணிதப் போட்டி அங்கே தொடங்கப்பட்டது. மூன்றே வினாக்கள். போட்டியாளர்கள் நூல்களையும் குறிப்பேடுகளையும் உடன் வைத்துக்கொள்ளத் தடையில்லை. தடை எதற்கு? விடைதான் எந்த நூலிலும் இல்லையே! வானூர்தி இயலின் தந்தையருள் ஒருவராகப் பின்னாளில் போற்றப்பட்ட தியோடர் வான் கார்மன் 1898இல் அப்போட்டியில் வென்றவர். எட்வர்டு டெல்லர் 1925இல் வென்றவர். இத்தகைய அறிஞர்கள் அச்சிறு நாட்டிலிருந்து அடுத்தடுத்துத் தோன்றியதற்குப் போட்டி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பள்ளிகளும் நல்லாசிரியர்களும் இருந்தார்கள். ஆயினும் திறமை உடைய இளைஞனை அவன் பதினெட்டாம் வயதிலேயே அடையாளங்கண்டுகொள்ள அந்நாட்டுக்கு ஒரு வழி இருந்தது.

நம் நாட்டுச் சான்று ஒன்றையும் கூறுவேன். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் சிறுமி, துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கண்டார். நம்மில் எத்தனை பேர் அக்காட்சியை நாள்தோறும் கண்டு கடந்து செல்கிறோம்! அச்சிறுமிக்கு அது வினாவாயிற்று. ஒரு நாளைக்கு எவ்வளவு கரி? அதற்கு எத்தனை மரம்? அப்புகை யார் நெஞ்சுக்குள் செல்கிறது? வெயிலிலேயே நாள் முழுதும் நிற்கும் வண்டிக்கு அவ்வெயிலாலேயே சூடு தர இயலாதா? இவ்வாறு எழுந்ததுதான் சூரிய ஆற்றலால் இயங்கும் தேய்ப்பு வண்டி. ஏறத்தாழ ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேரம் தேய்ப்புப் பெட்டியை இயக்கும் என்பது அதன் கணக்கு. தேசியப் புதுமை அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக அப்துல் கலாம் அவர்களின் பெயரால் நடத்திய 'இக்னைட்' போட்டியில் 2019இல் அக்கருத்துப் பரிசு பெற்றது. 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் அவர் உரையாற்றினார். இவ்வளவுக்கும் வித்து, தெருவில் கண்ட கரிக்குவியல். அவ்வினா அவருடைய சொந்த வினாவாக இருந்தமையால்தான் மேலும் மேலும் வினாக்களை ஈன்றது.

இங்கே ஒரு குறையை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் பள்ளிக் கண்காட்சிகளில் வைக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் வினாவிலிருந்து பிறந்தவை அல்ல. கடையில் விலைக்கு வாங்கியவை. அல்லது தந்தையார் இரவெல்லாம் விழித்திருந்து ஒட்டியவை. தெர்மாகோலில் செய்த எரிமலை, அதன் வாயில் சமையல் சோடாவும் வினிகரும், பொங்கி வழியும் செந்நுரை. எத்தனை ஆண்டுகளாக அதே எரிமலை பொங்குகிறது! தமிழில் வினவுதற்கு ஒருவர் வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் என்னையும் நடுவருள் ஒருவனாக அமர்த்தினார்கள். பளபளக்கும் நகர மாதிரி ஒன்றின் அருகே நின்ற மாணவன் மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "தம்பி, இந்த விளக்கு எரியவில்லையே, ஏன்?" என்று கேட்டேன். அவன் தன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் என்னைப் பார்த்தார். இரண்டு மேசை தள்ளி, மங்கிய சட்டையணிந்த மற்றொருவன் மூன்று மண்சட்டிகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்திருந்தான். புதுச்சட்டியில் நீர் குளிர்வதுபோல் பழைய சட்டியில் குளிர்வதில்லையே, ஏன் என்பது அவன் வினா. பதினொரு நாள் வெப்பமானியால் அளந்து எழுதியிருந்தான். நுண்துளைகள் அடைபடுவதால் நீர் கசிந்து ஆவியாவது குறைகிறதோ என்று ஐயுற்று, ஒரு சட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவி மறுபடி அளந்திருந்தான். பரிசு நகர மாதிரிக்குச் சென்றது. அதன் தோற்றப்பொலிவுக்கு மட்டும் தனியாக முப்பது மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள்! என் மாற்றுக் கருத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அச்சட்டிக்காரன் மறு ஆண்டு போட்டிக்கு வந்தானா என்று நான் அறியேன். வந்திருக்கமாட்டான் என்றே அஞ்சுகிறேன்.

ஆகவே, போட்டிகளை மிகுவித்தால் மட்டும் போதாது. மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். பொருளின் அழகுக்கு மதிப்பெண் அளிப்பதை நிறுத்திவிட்டு, நோட்டுப் புத்தகத்திற்கு அளிக்கத் தொடங்கினால் கடைச்சரக்கு ஓராண்டிலேயே மறைந்துவிடும்.

சொந்த வினா எங்கே கிடைக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினமாயினும் கீழக்கரையாயினும் அதிராம்பட்டினமாயினும், கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றிப் பேசாத வீடு இராது. ஒரே தெருவில் ஒரு கிணறு குடிக்கத்தக்கதாகவும் மற்றொன்று வாயில் வைக்க இயலாததாகவும் இருப்பதேன்? நிலத்தடியில் நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீரின் எல்லை ஏறத்தாழ நாற்பதடி மேலேறக்கூடும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. மின்பொறியால் ஒருவர் மிகையாக இறைத்தால் அண்டை வீட்டுக் கிணறும் உவர்ப்பது இதனால்தான். இதனை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர் சேர்ந்து ஆராயலாம். இருபது கிணறுகளைத் தேர்ந்து, கடலிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை அடித் தொலைவில் உள்ளது என்று அளந்து, கயிறு விட்டு நீர்மட்டம் பார்த்து, மாதம் ஒருமுறை நீர் எடுத்துவர வேண்டும். ஒரே அளவு நீரை ஒரே வகைப் புட்டிகளில் ஊற்றி, சவர்க்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எத்தனை சொட்டு வேண்டியிருக்கிறது என்று எண்ணினால் நீரின் கடினத்தன்மை புலப்படும். அப்போது ஒரு வியப்பும் காத்திருக்கலாம். நாவுக்கு அவ்வளவாகக் கரிக்காத நீர் சவர்க்காரத்தை மிகுதியாகக் குடிக்கக்கூடும். உவர்ப்பும் கடினத்தன்மையும் ஒன்றல்ல என்பதைப் பாடநூலில் படிப்பதற்கும், தன் கையிலுள்ள புட்டியில் காண்பதற்கும் உள்ள வேறுபாடே நான் இதுவரை கூறிவந்தது.

அடுத்த படியில் ஓர் இடர் வரும். ஒரு லிட்டர் நீரைக் காய்ச்சி வற்றவைத்து எஞ்சும் உப்பை நிறுத்துப் பார்க்க வேண்டும். குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அரை கிராமுக்கும் இரண்டு கிராமுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டை மளிகைக்கடைத் தராசோ பெரும்பாலான பள்ளிகளின் தராசோ காட்டாது. மில்லிகிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறது. விடுமுறை நாள்களில் அவ்வாய்வகம் பூட்டியிருக்கிறது.

தோல்வியைப் பற்றியும் சில சொற்கள். போட்டிக்குச் செல்லும் நூற்றுவரில் தொண்ணூற்றுவர் பரிசின்றித் திரும்புவர். பிள்ளை மனமுடைந்து போகுமே என்று அஞ்சுவோர்க்கு ஆசாதிசாட் செய்தியை நினைவூட்டுகிறேன். நாட்டின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் பங்களிப்புடன் உருவான அச்சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய சிற்றேவூர்தியில் அனுப்பப்பட்டது. ஏவூர்தியின் உணரிக் கோளாற்றால் உரிய சுற்றுப்பாதை கிட்டாமல் அது வீணாயிற்று. ஆறு மாதங்களில் இரண்டாம் கோள் ஆயத்தமாயிற்று; 2023 பிப்ரவரி 10 அன்று உரிய பாதையை அடைந்தது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு மகளிர் பள்ளி மாணவியரும் அதில் பங்கு கொண்டவர்கள். நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகளின் ஊர்தியே முதன்முறை தவறுவதை அப்பெண்கள் கண்டார்கள். அதே விஞ்ஞானிகள் பிழையைத் தேடிக் களைந்ததையும் கண்டார்கள். எந்தப் பாடவேளையில் இதைக் கற்பிக்க இயலும்?

பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நம்மவரிடையே உள்ள தயக்கத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். மாவட்டத் தலைநகருக்குச் செல்லவேண்டும், ஓரிரவு தங்கவேண்டும் என்றவுடன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வீடுகள் உள. பெற்றோரைப் பழிப்பதால் பயனில்லை. இருவர் மூவராக மாணவியரைச் சேர்த்து, ஆசிரியை ஒருவரையும் உடன் அனுப்பி, தங்குமிடத்தை முன்னதாகவே பெற்றோர்க்குத் தெரிவித்தால் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். அந்த ஆசிரியைக்கு அந்நாள்களைப் பணிநாள்களாகக் கணக்கிடுவதும் பயணச் செலவைத் தருவதும் நிருவாகத்தின் கடமை. வழிகாட்டி ஆசிரியர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அவலம் பல பள்ளிகளில் இன்றும் உண்டு.

சிற்றூர்ப் பிள்ளையால் எவ்வளவு தூரம் செல்ல இயலும் என்று ஐயுறுவோர் கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியை நினைத்துக்கொள்ளட்டும். அவ்வூரைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்னும் இளைஞர், 'கியூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்னும் மாணவர் போட்டிக்குத் தம் குழுவினருடன் செய்தளித்த 'கலாம்சாட்' 64 கிராம் எடையுடையது. ஒரு பெரிய கோழிமுட்டையின் எடைதான். நான்கு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது போட்டி விதி. கரியிழை கலந்து முப்பரிமாண அச்சு முறையில் வார்க்கப்பட்ட அதனை, 2017 ஜூன் 22 அன்று நாசா நிறுவனத்தார் வாலப்ஸ் தளத்திலிருந்து ஆய்வு ராக்கெட்டில் அனுப்பினார்கள். அது புவியைச் சுற்றிவந்ததாகச் சிலர் எழுதினார்கள். அவ்வாறன்று, மேலே சென்று மீளும் பயணமே அது. உள்ளதைச் சொன்னாலே போதுமான பெருமை அதற்கு உண்டு. மிகைப்படுத்திப் புகழ்வது இளைஞருக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது.

இனித் தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என்னும் வினாவுக்கு வருகிறேன். இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் பள்ளிக்கல்வி பெற்ற அப்துல் கலாம் அவர்கள், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற காலத்தில், அங்குள்ள தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். நம் வானூர்தியை நாமே கட்டுவோம் என்னும் பொருளில் அவர் தமிழில் எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவன் அவர்கள். பொறியியல் மாணவர் ஒருவர் தம் கனவை முதலில் தமிழில் ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்த்தார் என்பது தமிழ் கற்பிப்போர் எண்ணி மகிழத்தக்கது. தன் ஆய்வைத் தாய்மொழியில் தெளிவுற எழுதத் தெரியாத பிள்ளைக்கு அவ்வாய்வே தெளிவாகவில்லை என்று பொருள். மேலும், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திய தொல்காப்பிய மரபியலைத் தேர்வுக்காக மட்டும் கற்பிக்கிறோம். எறும்புக்கும் நண்டுக்கும் இடையே வேறுபாடு கண்டு வரிசைப்படுத்தியவர்கள் அவற்றைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும் என்பதை வகுப்பில் எத்தனை பேர் சொல்கிறோம்? அவ்வரிசை இக்கால உயிரியலோடு எங்கெங்கே பொருந்துகிறது, எங்கெங்கே பொருந்தவில்லை என்று ஆராயச் சொன்னால், அதுவே மாணவர் குழு ஒன்றுக்கு ஏற்ற நல்ல ஆய்வுப் பொருளாகும்.

நம் கல்லூரி நிருவாகத்தாரிடம் விண்ணப்பம் ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் வேதியியல், இயற்பியல் ஆய்வகங்களைச் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். முதுகலை மாணவர் இருவர் உடனிருந்தால் போதும். அவர்களுக்கும் கற்பித்துப் பழக ஒரு வாய்ப்பாகும். அறிக்கை எழுதவும் கலைச்சொற்களைத் தேர்ந்து கொள்ளவும் பேசிப் பழகவும் தமிழ்த்துறை மாணவர்கள் துணைநிற்பார்கள். இது பற்றித் துறையில் பேசிவிட்டேன். பள்ளிகளுக்கு அனுப்பும் மடலில், மதிப்பெண் பட்டியலை இணைக்க வேண்டா என்றும், பிள்ளை கேட்கும் வினாவைப் பிள்ளையின் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும் என்றும் குறிப்பிட எண்ணியுள்ளோம். துல்லியத் தராசு இருக்கிறது. நீர் வற்றவைக்கும் கண்ணாடிக் கலங்களும் இருக்கின்றன. கிணற்று நீர்ப் புட்டிகளை ஊர்ப்பெயர் ஒட்டி அடுக்கிவைக்க ஓர் அலமாரி மட்டும் வேண்டும்.